சிறுநீரில் கிருமி இருந்தாலே நோயா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அத்தைக்கு 81 வயது. சென்ற ஆண்டு முழு உடல் பரிசோதனை செய்தோம். சிறுநீர் கல்ச்சரில் ஈ. கோலை என்ற பாக்டீரியா ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்தது. அத்தைக்கு எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடிக்கடி போகும் தொந்தரவும் இல்லை. "நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்குடி மாத்திரை?" என்று கேட்டார். ஆனாலும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டில் 'யூ.டி.ஐ' என்று போட்டிருந்தார்கள். சிறுநீர்த் தொற்று என்று பொருள். வயிற்றுப்போக்கில் அத்தை துவண்டு போனார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே கிருமி. மறுபடி மாத்திரை, மறுபடி சீட்டில் அதே யூ.டி.ஐ.

ஐப்பசியில் ஒரு நாள் காலை அத்தை ஆளை அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தார். வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். பழைய சீட்டுகளைப் புரட்டியவர்கள், "இவங்களுக்கு அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருது போல, அதனாலதான்" என்று ஊசி மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நாள் ஆகியும் தெளிவில்லை. மூன்றாம் நாள் வந்த டாக்டர் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொன்னார். மிகவும் குறைந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்டு வந்த, சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரைதான் காரணம். அதை நிறுத்தி, சோடியத்தை மெல்லச் சரிசெய்தார்கள். நான்கு நாளில் அத்தை பழைய அத்தை ஆகிவிட்டார்.

இதை என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவள் இப்போது சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறாள். அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை இடும் வேலை. "டீச்சர், உங்க அத்தைக்கு இருந்தது வேற, எழுதினது வேற" என்றாள்.

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். சிறுநீர்த் தொற்றுக்கு அங்கே குறியீடு என் 39.0. அது நோய். அறிகுறி எதுவும் இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா மட்டும் காணப்பட்டால் குறியீடு ஆர் 82.71. ஆர் பிரிவு அறிகுறிகளுக்கும் பரிசோதனையில் தெரியும் மாறுதல்களுக்கும் உரியது. இந்தத் தனிக் குறியீடு 2016 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. கர்ப்பிணி என்றால் ஓ எழுத்தில் தொடங்கும் தனிப் பிரிவுக்குப் போக வேண்டும்.

"கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்து நீயே தொற்று என்று போட்டுவிடலாமா?" என்று கேட்டேன். "கூடவே கூடாது டீச்சர். டாக்டர் எழுதினால்தான் உண்டு. ரிப்போர்ட் ஒன்று சொல்லி, டாக்டர் எதுவும் எழுதாமல் மருந்து மட்டும் கொடுத்திருந்தால் அவரிடம் விளக்கம் கேட்போம். 'இது யூ.டி.ஐ தானே?' என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது" என்றாள். வினாத்தாள் தயாரித்த எனக்கு இது நன்றாகவே புரிந்தது. விடைத்தாளில் எழுதியிருப்பதற்குத்தான் மதிப்பெண், மாணவன் மனதில் நினைத்ததற்கு இல்லை. தொற்று என்று எழுதினால் மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகை சில வேளைகளில் கூடும் என்பதால், அங்கே தணிக்கையில் இதைத் துருவிப் பார்ப்பார்களாம்.

இனி மருத்துவ விஷயம். ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு லட்சம் என்ற அளவுகோலை 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் நிலைநாட்டினார். அந்த எண்ணிக்கை, கிருமி உண்மையிலேயே சிறுநீரில் இருக்கிறதா, மாதிரி பிடிக்கும்போது வெளியிலிருந்து கலந்ததா என்று பிரித்தறியத்தான். நோய் இருக்கிறதா என்பதை அது மட்டும் சொல்லாது. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் நாலில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை இப்படிக் கிருமியோடு தொந்தரவின்றி இருக்கிறார்கள். நெடுநாள் சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அறிகுறி இல்லாதபோது இதைத் தேடவும் வேண்டாம், மருந்து கொடுக்கவும் வேண்டாம் என்கிறது. சிறுநீரில் சீழ்செல்கள் தெரிவதும் மருந்துக்குக் காரணம் ஆகாது. முதியவருக்குத் திடீர்க் குழப்பம் வந்து, சிறுநீர்த் தொந்தரவோ காய்ச்சலோ இல்லாவிட்டால், முதலில் வேறு காரணங்களைத் தேடச் சொல்கிறது. அத்தைக்கு நடக்க வேண்டியிருந்தது அதுதான்.

விலக்குகளும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கட்டாயம் பரிசோதித்து மருந்து கொடுக்க வேண்டும். விட்டால் சிறுநீரகம் வரை தொற்று ஏறலாம். சிறுநீர்ப் பாதையில் ரத்தக் கசிவு ஏற்படக்கூடிய அறுவைக்கு முன்பும் அப்படியே.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் அந்தப் பிள்ளை போகும் இடமெல்லாம் அது கூடவே போகும். மருத்துவச் சீட்டும் அப்படித்தான். அத்தையை இரண்டு நாள் கஷ்டப்படுத்தியது கிருமி இல்லை, சீட்டில் ஏறிய அந்தச் சொல்.

ஆகவே, பெற்றோரை அழைத்துப் போகும் பிள்ளைகளே, மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள். "அம்மாவுக்கு அறிகுறி ஒன்றும் இல்லையே, இது தொற்றா, கிருமி மட்டும் இருக்கிறதா?" "கிருமி மட்டும்தான் என்றால், சீட்டிலும் அப்படியே எழுதித் தருவீர்களா?" கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். எரிச்சல், குளிர்க் காய்ச்சல், விலாப்பக்க வலி இருந்தால் காத்திருக்கவும் வேண்டாம், உடனே போங்கள்.

மருத்துவம் படித்த என் மாணவர்கள் இதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும். அனைவரும் நலமாக இருங்கள்.