ஏழு ஊர், மூணு சக்கரம், ஒரு அம்மாச்சி!

“கார்ல போறதுக்குப் பேரு போறது இல்லை பாப்பா. அது கூட்டிட்டுப் போறது.”

அம்மாச்சி இதைச் சொன்னபோது நான் காரின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரத்தில் ஏழு ஊரையும் சுற்றிக் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் தஞ்சாவூர் வந்துவிடலாம் என்பது என் திட்டம். அந்தத் திட்டம் அங்கேயே காலி!

அம்மாச்சிக்கு வயது 68. பிறந்தது திருவையாறுக்குப் பக்கத்தில் தில்லைஸ்தானம். வாக்கப்பட்டது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அதே இயக்கம், பெண்களுக்கு சைக்கிளும் பழக்கியது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் அம்மாச்சி. அதுவும் பார் வைத்த ஆம்பளை சைக்கிள்! முன்னால் என் அம்மா, பின்னால் என் மாமா, ஹேண்டிலில் தூக்குவாளி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு முட்டியும் தேய்ந்துபோனதும் சைக்கிள் நின்றது. அதன்பிறகு அம்மாச்சி எங்கே போனாலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்திருப்போம். அவர் அதிகம் பேசாமல் போனதை நாங்கள் வயசு என்று நினைத்துக்கொண்டோம்.

இந்தப் பொங்கலுக்கு மாமா ஒரு எலெக்ட்ரிக் மூணு சக்கர சைக்கிள் வாங்கி வந்தார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் பெரிய கூடை. முன்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார். பெடல் மிதித்தால் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். மிதிக்க முடியாவிட்டால் கைப்பிடியைத் திருகினால் போதும். நின்றாலும் சாயாது, காலை ஊன்ற வேண்டியதில்லை. ஒரு வாரம் வாசலில் ஓட்டிப் பழகிய அம்மாச்சி, ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: “நான் ஏழூர் போகணும்.”

நந்தி கல்யாணத்துக்குச் சீர் கொடுத்த ஊர்கள்

திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம். இந்த ஏழும் சப்தஸ்தானம். ஏழும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். திருமழபாடியில் பங்குனியில் நந்திக்குக் கல்யாணம். அதற்குப் பழனத்திலிருந்து பழம், சோற்றுத்துறையிலிருந்து சாப்பாடு, வேதிகுடியிலிருந்து வேதியர்கள், கண்டியூரிலிருந்து ஆபரணம், பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானம் என்ற தில்லைஸ்தானத்திலிருந்து நெய் வந்ததாம். உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்ல, சித்திரையில் ஐயாறப்பர் புதுமணத் தம்பதியோடு பல்லக்கில் ஆறு ஊர்களுக்கும் போய்வருவார். பின்னாலேயே ஜனங்களும் நடப்பார்கள்.

“பத்து வயசுல அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். ஆத்துல தண்ணி இருக்காது, மணல்ல இறங்கியே அக்கரைக்குப் போயிருவோம்” என்றார் அம்மாச்சி.

நாங்கள் போனது தை மாதம், பொங்கல் முடிந்த மறுவாரம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதனால் காவிரியில் இன்னும் தண்ணீர் இருந்தது. பாலம் வழியாகத்தான் போக வேண்டும்.

மூணு சக்கர வண்டியைக் குட்டி யானையில் ஏற்றித் திருவையாறு கொண்டுவந்தோம். அம்மாச்சி அதில். கூடவே நான், மாமாவின் பழைய சைக்கிளில். வழிகாட்டி கிடையாது, பின்னால் காரும் கிடையாது. “வழி எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டார் அம்மாச்சி. என் போனில் மேப் இருந்ததை நான் சொல்லவில்லை.

பாலத்தில் ஒரு பரீட்சை

காலை ஆறரைக்கு ஐயாறப்பரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். கும்பகோணம் சாலையில் திருப்பழனம் பக்கம்தான். போய்த் திரும்பி மறுபடி திருவையாறு வந்தபோது எட்டு மணி. பள்ளிக்கூட வேன், தஞ்சாவூர் பஸ், கரும்பு டிராக்டர் எல்லாம் ஒரே நேரத்தில் காவிரிப் பாலத்துக்கு வரும் நேரம்.

மூணு சக்கர வண்டியில் ஒரு விஷயம் உண்டு. சைக்கிள் மாதிரி வளைவில் இது சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து, உடம்பைத் திரும்பும் பக்கம் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். அம்மாச்சி முப்பது வருஷம் இரண்டு சக்கரம் ஓட்டியவர். பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் பழைய பழக்கத்தில் சட்டென்று ஒடித்துவிட்டார். ஒரு சக்கரம் அரை அடி மேலே எழும்பி, திரும்பத் தரையில் விழுந்தது. பின்னால் வந்த பஸ் பலமாக ஹாரன் அடித்தது.

“அம்மாச்சி, இறங்கு. நான் தள்ளிட்டு வர்றேன்!”

“தள்ளிப் போடி.”

ஓரமாக நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பஸ் போகும்வரை காத்திருந்தார். கை லேசாக நடுங்கியது. அப்புறம் பிரேக்கை விடுவித்து, மெதுவாகப் பாலத்தில் ஏறினார். நடுப்பாலத்தில் ஒருமுறை காவிரியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் வீடியோ எடுத்திருக்க வேண்டும். எனக்கும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து குடமுருட்டிப் பாலம். அதைத் தாண்டினால் கண்டியூர். கோயிலுக்குள் போய்விட்டுப் போகலாமே என்றேன். “முறை தப்பக் கூடாது. சோத்துத்துறை, வேதிகுடி, அப்புறம்தான் கண்டியூர்” என்று கிழக்கே திருப்பிவிட்டார்.

சோற்றுத்துறையில் பசித்த பேட்டரி

அங்கிருந்துதான் நிஜமான கிராமத்துப் பாதை. இரண்டு பக்கமும் சம்பா நெல் முற்றித் தலை கவிழ்ந்து நிற்கிறது. சில வயல்களில் அறுவடை மெஷின் ஓடுகிறது, பின்னாலேயே கொக்குக் கூட்டம். வாழைத் தோட்டம், வாய்க்கால், மதகு, வாய்க்காலில் துணி துவைக்கும் பெண்கள். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போனதால் இதையெல்லாம் பார்க்க முடிந்தது, பார்த்தவர்களோடு பேசவும் முடிந்தது. “என்ன வண்டி ஆத்தா இது? என்ன விலை?” என்று கேட்காத ஊரே இல்லை. மோட்டார் சத்தமே போடாததால், களத்துமேட்டில் நின்ற ஆடுகள்கூட எங்களைக் கண்டுகொள்ளவில்லை.

பாதி சாலையை அடைத்து நெல் காயப்போட்டிருந்த இடத்தில் முன்சக்கரம் வழுக்கிச் சுற்றியது. மோட்டார் முன்சக்கரத்தில் இருந்தால் தளர்ந்த தரையில் இப்படித்தான் ஆகும். கைப்பிடியை விட்டு, பெடலை மட்டும் மிதித்தபோது வண்டி நகர்ந்தது.

திருச்சோற்றுத்துறை ஓதனவனேஸ்வரரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பேட்டரியில் ஒரே ஒரு கட்டம்! நாற்பது கிலோமீட்டர் போகும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். நாங்கள் அதில் பாதிகூடப் போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கணக்கு பெடலையும் மிதித்தால்தான். அம்மாச்சி முட்டிக்குப் பயந்து முழுக்கக் கைப்பிடியைத் திருகியே வந்திருக்கிறார். கூடையில் சாமான் வேறு. டயரில் காற்றும் குறைவு.

பஞ்சகாலத்தில் ஒரு அடியாருக்கு இறைவன் வற்றாத அட்சய பாத்திரம் கொடுத்த ஊர் இது என்பது தலபுராணம். எங்களுக்கு வேண்டியதோ ஒரு பிளக் பாயின்ட். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தயங்கிக் கேட்டேன். திண்ணையிலிருந்த அக்கா வயரை வாங்கிச் செருகிவிட்டு, “வண்டிக்கு மட்டும் போதுமா? உங்களுக்கு?” என்றார். எங்களை இலையில் உட்காரவைத்த பிறகுதான் விட்டார். கத்திரிக்காய்க் குழம்பு, மொச்சைப் பொரியல், மோர். எப்படியும் மதியம் கோயில்களின் நடை சாத்தியிருக்கும். திண்ணையிலேயே இரண்டு பேரும் தூங்கினோம்.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்கு அந்தத் திண்ணையில் நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். கம்பெனி சொல்லும் தூரத்தில் பாதியைத்தான் நம்ப வேண்டும். சார்ஜரைக் கையோடு எடுத்துப்போங்கள். கிளம்பும்முன் மூன்று டயருக்கும் காற்று பாருங்கள். வேகத்தடையில் நேராக ஏறுங்கள், கோணலாக ஏறினால் வண்டி ஆடும். மேட்டில் நிறுத்தினால் பார்க்கிங் பிரேக் போடாமல் இறங்காதீர்கள். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, முறையான அங்கீகாரம் பெற்ற வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. வாங்கும்போதே அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். மதிய வெயிலில் ஓட்டாதீர்கள், இருட்டிய பிறகும் வேண்டாம்.

பல்லக்கிலிருந்து இறங்கியவர்

நாலு மணிக்கு வேதிகுடி, பொழுது சாய்வதற்குள் கண்டியூர். சிவன் பிரமனின் தலையைக் கொய்த கதை சொல்லும் அட்ட வீரட்டத் தலம். எதிரிலேயே 108 திவ்ய தேசங்களில் ஒன்றான அரசாப விமோசனப் பெருமாள் கோயில். அன்று இரவு கண்டியூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். வண்டிக்கு முழு சார்ஜ், அம்மாச்சி முட்டிக்குத் தைலம்.

மறுநாள் காலை திருப்பூந்துருத்தி. அப்பர் மடம் அமைத்துத் தங்கியிருந்த ஊர். அவரைப் பார்க்க சம்பந்தர் பல்லக்கில் வந்தார். கூட்டத்தோடு கூட்டமாக அப்பரே போய்ப் பல்லக்கைத் தோளில் சுமந்தார். “அப்பர் எங்கே?” என்று சம்பந்தர் கேட்க, “உம்மைச் சுமக்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன்” என்று கீழேயிருந்து பதில் வந்தது என்கிறது பெரியபுராணக் கதை. நான் இதைச் சுமந்தவரின் பெருமையாகத்தான் படித்திருக்கிறேன்.

பிராகாரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாச்சி வேறு ஒன்றைச் சொன்னார்.

“தெரிஞ்ச உடனே சம்பந்தர் பதறிப்போய் இறங்கிட்டாருல்ல, எனக்கு அதான் பிடிக்கும். சுமக்குறவங்க சந்தோஷமாத்தான் சுமக்குறீங்க. உக்காந்திருக்கிறவளுக்குத்தான் பாப்பா உடம்பு கூசும். மூணு வருஷமா நீங்க யாரும் என்னை ‘எங்க போகணும்’னு கேட்கலை. ‘எதுக்குப் போகணும்’னுதான் கேட்டீங்க.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நானே பல தடவை கேட்டிருக்கிறேன்.

கண்டியூர் வழியே திரும்பி, மறுபடி காவிரிப் பாலம். இந்த முறை அம்மாச்சி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பைச் சாய்த்து, அழகாகத் திருப்பினார். திருவையாற்றில் சூடாக அசோகா வாங்கிக்கொண்டோம். பாசிப்பருப்பும் நெய்யும் மணக்கும் அந்தப் பொட்டலம் கூடையில் வர, கல்லணை சாலையில் மேற்கே கொஞ்ச தூரம். தில்லைஸ்தானம்.

நெய்யாடியப்பரைக் கும்பிட்டுவிட்டு அம்மாச்சி பிறந்த தெருவுக்குள் போனோம். ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு. பூட்டியிருந்தது. அம்மாச்சி இறங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டிருந்த பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “யாரு வீட்டுப் பொண்ணு?” என்று கேட்டார். அம்மாச்சி தன் அப்பா பெயரைச் சொன்னார். பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். “அடி ஆத்தி! புதுக்கோட்டைக்குப் போன பிள்ளையா? யாரு கூட்டிட்டு வந்தா?”

அம்மாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“யாரும் கூட்டிட்டு வரலண்ணே. நானே ஓட்டிட்டு வந்தேன்.”