பனிமலைக்குப் போகும் இரயில்

தூரின் நகருக்குத் திருப்பயணம் செல்லும் நம் நாட்டுக் கத்தோலிக்கர் பெரும்பாலும் வால்தோக்கோவைக் கண்டதும் மனநிறைவுடன் திரும்பிவிடுவர். தொன் போஸ்கோ எழுப்பிய சகாய அன்னையின் பேராலயமும் (1868), அவர் வாழ்ந்து மறைந்த அறைகளும் அங்கேதான் உள்ளன. நாங்களும் இரண்டு நாட்களை அங்கேயே கழித்தோம். மூன்றாம் நாள் பெப்ருவரி மாதத்துச் சனிக்கிழமை. அந்நகரில் வாழும் தமிழ்ச் சலேசியத் தந்தை ஒருவர், "வாருங்கள், இவ்வூரார் வார இறுதியில் எங்கே போகிறார்கள் என்று காட்டுகிறேன்" எனக் கூறி, பொழுது புலருமுன் எங்களைப் போர்த்தா நுவோவா இரயில் நிலையத்திற்கு அழைத்துச் சென்றார்.

நடைமேடை முழுவதும் மக்கள். பொங்கலுக்குக் கரும்பைத் தோளில் சாய்த்து வருவதுபோல ஒவ்வொருவர் தோளிலும் இரண்டு நீண்ட சறுக்குப் பலகைகள்! ஐந்து நாட்கள் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்கள், உறங்கி ஓய்வெடுக்க வேண்டிய காலையில் இப்படிப் புறப்படுகிறார்களே என்று வியந்தோம். இவ்வழக்கம் இந்நகருக்குப் புதிதன்று. ஆதோல்போ கிண்ட் என்னும் சுவிஸ் பொறியாளர் 1901-இலேயே இங்குப் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் இந்நகரில் பியர் ஜோர்ஜியோ பிரசாத்தி பிறந்தார். பனிமலைகளை நேசித்த அவ்விளைஞர், ஏழைகளின் குடிசைகளைத் தேடிச் சென்று உதவியவர். 24 வயதில் இளம்பிள்ளைவாதத்தால் இறந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பெற்ற அவருடைய உடல் இந்நகரத் தலைமை ஆலயத்தில் உள்ளது.

இரயில் சூசாப் பள்ளத்தாக்கினுள் நுழைந்தது. இடப்புறம் மலையுச்சியில் புனித மிக்கேல் மடம், பாறையே மேல்நோக்கி வளர்ந்ததுபோல் நின்றது. எங்கள் எதிரே அமர்ந்திருந்தவர், நாங்கள் சிலுவை அடையாளம் வரைவதைக் கண்டு புன்னகைத்துப் பேசத் தொடங்கினார். தந்தை மொழிபெயர்த்தார்.

அவர் ஜெனோவாத் துறைமுகத்தில் கணக்கர். கடற்கரை மனிதருக்குப் பனிமேல் காதல்! வெள்ளி மாலை பணி முடிந்ததும் இரயிலேறி, தூரினில் தமக்கை வீட்டில் உறங்கி, சனி விடியலில் மீண்டும் இரயில். முன்னெல்லாம் ஞாயிறு இரவுதான் வீடு திரும்புவாராம். திங்கட்கிழமை முழங்கால் வலியுடன் கணக்கேட்டின்முன் அமர்ந்தால் எண்கள் மங்கலாகத் தெரியுமாம். அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. மனைவி கடிந்துகொண்டபோதும், "ஐந்து நாட்கள் உங்களுக்காகத்தானே உழைக்கிறேன்" என்று வாயடைத்துவிட்டாராம். ஒருநாள் அவருடைய எட்டு வயது மகன், "அப்பா, என் புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை, அன்று நீங்கள் வர இயலுமா?" என்று கேட்டிருக்கிறான். "விருந்தாளியை அழைப்பதுபோல் அத்துணை மரியாதையாகக் கேட்டான்" என்று சொன்னவர் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்பொழுது மாதம் இருமுறைதான் வருகிறார். அதுவும் சனிக்கிழமை மட்டுமே.

பர்தொனேக்கியா 1300 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர். 1871-இல் திறக்கப்பெற்ற பிரேஜுசு மலைச்சுரங்கம் அங்கிருந்து பிரான்சு நாட்டிற்குச் செல்கிறது. 2006 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் சில இங்கே நடந்தன. எங்களுக்கோ பலகையின்றி நடப்பதே போட்டியாக இருந்தது. இருமுறை வழுக்கி விழுந்தோம்! நண்பரோ மேட்டிலிருந்து பறவைபோல் இறங்கி வந்தார். அந்த முகத்திலிருந்த மகிழ்ச்சியைக் கண்டபின், இதனை வீண் ஆசை என்று தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

மாலையில் புனித இப்போலித்து ஆலயத்தில் ஞாயிறு திருப்பலி. முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுவதை நாம் அறிவோம். கனத்த காலணிகளுடன் பலர் முழந்தாளிட்டிருந்தனர். நண்பர் எங்கள் அருகில் இருந்தார். "நாளையும் மகனோடு திருப்பலிக்குப் போவேன், இது எனக்காக" என்றார்.

தூரின் நிலையத்தில் ஜெனோவா வண்டிக்குச் சில நிமிடங்களே இருந்தன. அதற்குள் அவர் கடையொன்றில் அவ்வூர்ச் சாக்லேட்டு ஒரு பொட்டலம் வாங்கினார். பலகைகள் தோளில் ஆட, பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடைமேடையில் ஓடினார்.