மலைநீரும் கிணற்றுநீரும்

இராஜபாளையத்திற்குக் கிழக்கேயுள்ள ஆலங்குளம் எமது ஊர். வானந் தெளிந்த காலையில் மேற்கே நோக்கின், மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவர்போல் நிற்பது காணலாம். அம்மலையிற் பெய்யும் மழையே வைப்பாற்றுக்குத் தாய். ஆயினும், மலையைக் கண்ணாரக் காணும் எம்மூரார் தண்ணீரைக் கண்ணாரக் காண்பது அரிது.

மலைமேல் விழுந்த நீர் தன் மனம்போன போக்கில் ஓடுவதன்று. பாறை எங்கெங்கே பிளந்துளதோ அங்கங்கே ஓடை அரித்து இறங்கும். மலைக்கு அப்பால் கேரளத்தில் அச்சன்கோவிலாறு வடமேற்காக நெடுந்தூரம் ஏறக்குறைய நேராய் ஓடுவதைப் படத்திற் காண்க. பூமியின் ஆழத்தே பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்தமையால், ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டான பெருவடு அங்கே கிடக்கின்றது. ஆறு அவ்வடுவைப் பற்றிக்கொண்டது.

நம் பக்கத்திலோ, மலையடியிற் குவிந்த உருண்டைக் கற்களும் பருமணலும் ஓடைநீரிற் பெரும்பங்கை உறிஞ்சிவிடும். இராஜபாளையம், வத்திராயிருப்புப் பக்கத்துத் தோப்புகளின் செழிப்பிற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குக் கிழக்கே கரிசலும் செவலும், அவற்றின்கீழ்க் கடும்பாறையுமே. அப்பாறையில் நீர் தங்குமிடம் இரண்டே: இற்றுப்போன மேற்பகுதி ஒன்று, வெடிப்பு மற்றொன்று.

இஃது எம் குடும்பத்தார் பொருள் இழந்து கற்ற பாடம். 1974-ல் எம் தந்தையார், அன்னையாரின் நகைகளை ஈடு வைத்து, வெடி வைத்து 60 அடி கிணறு வெட்டினார். ஈரமும் காணவில்லை. நாற்பது கெஜம் கிழக்கே, பெரிய தந்தையார் கிணற்றில் 35 அடியிலேயே ஊற்றுப் பீறிட்டது. அண்ணனுக்குக் கைராசி, தம்பிக்குத் தெய்வ குற்றம் என்றனர் ஊரார். ஊற்றைத் தம் பக்கம் இழுக்க அண்ணன் ஏதோ செய்துவிட்டாரென்று சிலர் ஓத, இரு வீட்டாருக்கும் பேச்சு நின்றது. தேங்காயைக் கையிற் கிடத்தி நீரோட்டம் பார்த்து இரண்டு இடங்களையும் குறித்தவர் ஒருவரே. அவரை மட்டும் எவரும் ஒன்றுஞ் சொல்லவில்லை!

யாம் கல்லூரியிற் பயின்ற காலத்து, விடுமுறையில் இரு கிணற்றிற்கும் இடைப்பட்ட நிலத்தை நடந்து பார்த்தோம். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வரியொன்று தெற்கு வடக்காய்த் தரையில் தலைகாட்டிற்று. 1970-ல் இவ்வூரிற் சிமெண்டு ஆலை எழுந்ததும் இவ்வினக் கல்லை நம்பியே. அவ்வரி கிழக்கே சரிந்து இறங்குவதைப் பெரிய தந்தையார் கிணற்றுச் சுவரிலே கண்டோம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கலந்துகொண்டு அக்கல்லைச் சிறிது சிறிதாய்க் கரைத்து, அதிலுள்ள வெடிப்பை அகலமாக்கியிருந்தது. கிழக்குக் கிணறு அவ்வெடிப்பை 35 அடியில் வெட்டிற்று. வரிக்கு மேற்கேயிருந்த எமது கிணறோ, ஆயிரம் அடி இறங்கினும் அதனைச் சந்தியாது.

இதனைத் தாளில் வரைந்து தந்தையாருக்குக் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்து, "அப்படியானால் அண்ணன்மேற் குறையில்லை" என்றார். அவ்வாண்டே பெரிய தந்தையார் கிணற்றிலிருந்து எம் நிலத்திற்கு வாய்க்கால் வெட்டப்பட்டது. வாரத்தில் 2 நாள் எமக்கு முறை.

இன்று அவ்வரியின் நெடுகிலும் ஆழ்துளைக் கிணறுகள் ஏழு உள. பெரிய தந்தையார் கிணறு சித்திரை பிறக்குமுன்னே வற்றிவிடுகின்றது.