சீட்டுப் பணமும் சிக்கனமும்

சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோருள் இரு வகையினர் உளர். செலவழிக்கப் போதிய பணத்தை வைத்துக்கொண்டு பிறருக்குச் சிக்கனம் போதிப்போர் ஒரு வகையினர். செலவழிக்க எதுவுமின்மையால் அந்தச் சொல்லையே உச்சரியாது சிக்கனமாய் வாழ்வோர் மற்றொரு வகையினர். கொட்டாஞ்சேனையில் நாம் குடியிருக்கும் ஒழுங்கை இரண்டாம் வகையினருடையது. துறைமுகத்தில் நாட்கூலி பெறுவோர், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள், செட்டியார் தெரு நகைக்கடைகளிற் கணக்கெழுதும் இளைஞர், வீட்டிலே இடியப்பம் அவித்து விற்கும் பெண்கள் ஆகியோரே எமது அயலவர். இவர்களுக்குச் சேமிப்பின் அருமையை எடுத்துரைக்க எவரும் வரவேண்டியதில்லை. வருவாய் சுருங்கிய இடத்திலே, மாதம் தவறாமல் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும் மனவுறுதி இவர்களுக்கு எங்ஙனம் வருகின்றது என்பதே நாம் அறிய விரும்பியது.

தமிழ் கற்பிக்கும் தொழிலினராகிய எமக்கு இவ்விடத்தில் வள்ளுவர் நினைவுக்கு வருவது இயல்பே. வலியறிதல் அதிகாரத்தில் வருவாய்க்கும் செலவுக்குமுள்ள அளவைப் பேசிய அவரே, நன்றியில் செல்வம் எனத் தனியோர் அதிகாரம் வகுத்து, பூட்டிவைத்த பணத்தைப் பழித்தும் இருக்கின்றார். மேடைகளில் முதலாவதைச் சொல்வோர் இரண்டாவதை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

எமது ஒழுங்கையில் மூன்று சீட்டுகள் ஓடுகின்றன. அவற்றுட் பெரியதை நடத்துபவர், சிறியோர் முதியோர் அனைவரும் அக்கா என்றழைக்கும் ஓர் அம்மையார். பன்னிருவர் சேர்ந்து மாதம் ஐயாயிரம் ரூபா கட்டுவர். திரளும் அறுபதினாயிரத்தையும் ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுப்பார். எவருக்கு எந்த மாதம் என்பதைத் தொடக்கத்திலேயே குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பர். வட்டியும் இல்லை, கழிவும் இல்லை. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிற் பன்னிரண்டு பெயர்களும் அவற்றின் எதிரே சரிக்குறிகளும் உள்ளன. இதுவே இந்நிறுவனத்தின் முழு அலுவலகம்.

வங்கியில் இட்டால் வட்டியாவது கிடைக்குமே என்று நாம் ஒருமுறை அவரிடம் கேட்டோம். “பேங்குல போட்டா அது என் சல்லி, சேர். எப்ப வேணும்னாலும் போய் எடுத்திருவேன். சீட்டுல போட்டா அது பதினொரு பேரோட சல்லி. அதுல கைவைக்க ஏலுமா?” என்றார் அவர். சேமிப்பில் ஊக்கம் தளராதிருப்பது பற்றி நாம் கேட்ட விளக்கங்களுள் இதனினும் தெளிவானது வேறில்லை. தனிமனிதனின் வைராக்கியத்தை நம்பி எழுப்பப்படும் சேமிப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கோ, பண்டிகைக்கு முந்திய நாளிலோ சரிந்துவிடுகின்றது. சீட்டில் அவ்வாறு சரிய இடமில்லை. இம்மாதம் நாம் கட்டாவிடின் அடுத்த வீட்டுக்காரியின் முறை குறையும். அந்த முகத்தை மறுநாட் காலையில் குழாயடியிற் பார்த்தாக வேண்டும்.

இது எமது ஒழுங்கையின் கண்டுபிடிப்பு அன்று. எம் சிங்கள அயலவரும் ‘சீட்டு’ என்ற இதே தமிழ்ச் சொல்லாலேயே இதனை வழங்குகின்றனர். அச்சொல் ஆங்கிலச் சட்டத்துள்ளும் புகுந்து, 1935ஆம் ஆண்டில் இலங்கையிற் சீட்டுகளுக்கெனத் தனியாகவே ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. யாவாவில் இதற்கு ‘அரிசான்’ என்று பெயர். ஜமைக்காவில் ‘பார்ட்னர்’ என்பர். மானிடவியலறிஞர் கிளிபர்ட் கீர்ட்ஸ் 1962இல் எழுதிய கட்டுரையொன்றில், கிராமத்தான் நவீன வணிக வாழ்வை நோக்கி ஏறும் ஏணியின் நடுப்படி இதுவென்றும், வங்கிகளும் கூட்டுறவுகளும் வந்தபின் இது தானே மறைந்துவிடும் என்றும் கருதினார். கொழும்பிலே, 1832இல் இலங்கைச் சேமிப்பு வங்கியும் 1885இல் தபாலகச் சேமிப்பு வங்கியும் தோன்றின. பின்னர் அவையிரண்டும் தேசிய சேமிப்பு வங்கியுள் இணைக்கப்பட்டன. ஆயினும் நடுப்படி இன்றும் நடுப்படியாகவே இருக்கின்றது. ஏறுவதற்கு மேற்படி அகப்படாதவன் நிற்கும் படியில்தானே நிற்பான்!

இனி 2022ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாயிருந்த பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. எரிவாயுவை விட்டு மண்ணெண்ணெய்க்கு மாறியோரையும் விதி விடவில்லை. ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். ஓராண்டுக்கு முன் நூறாயிரம் ரூபாவைத் தகரப் பேணியில் இட்டு மூடிய ஒருத்தி, அந்தச் செப்டெம்பரில் அதனைத் திறந்தபோது ஏறத்தாழ ஐம்பத்தொன்பதாயிரத்தின் பொருளையே வாங்க முடிந்தது. பேணியைத் திருடன் தொடவில்லை, பூட்டும் உடையவில்லை.

அவ்வாண்டின் சீட்டு சனவரியிலே தொடங்கியிருந்தது. முதல் மூன்று மாதங்களில் எடுத்தோர் பழைய விலையிலே கூரைத்தகடும் தையல் இயந்திரமும் வாங்கினர். டிசெம்பர் முறை இடியப்பக்காரப் பெண்ணுக்கு விழுந்திருந்தது. அம்மாதப் பணவீக்கம் 57.2 சதவீதம். அவர் கைக்கு வரவிருந்த அறுபதினாயிரம், முந்திய டிசெம்பரின் விலைக்கணக்கில் முப்பத்தெட்டாயிரமே. இனிக் கட்டமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் எவரும் குறைகூறியிருக்க முடியாது. அவர் அவ்வாறு சொல்லவில்லை. புரட்டாதி மாதத்து மழைநாளொன்றில் அக்கா வீட்டுத் திண்ணையிற் பன்னிருவரும் கூடினர். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் என்ற முறையில் நாமும் அழைக்கப்பட்டோம். முன்னதாக எடுத்த மூவரும் கடைசி மூன்று மாதங்களிலும் ஆயிரம் ரூபா கூட்டிக் கட்டவேண்டும் என்ற யோசனை அங்கேயே பிறந்தது. மூவருள் ஒருத்தி சினந்தெழுந்தாள். அவள் கணவனுக்கு அப்போது துறைமுகத்தில் வேலை கிடைப்பதே அரிதாயிருந்தது. அவள் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. இரண்டு நாட்களுக்குப் பின், ஐந்நூறு தருகிறேன் என்று அவளே வந்து சொன்னாள்.

ஆக, டிசெம்பரில் இடியப்பக்காரப் பெண் பெற்றது 62,500 ரூபா. விலையேற்றத்தின் முன் அந்த இரண்டாயிரத்தைந்நூறு ஒரு பொருட்டே அன்று. இழப்பில் ஒரு சிறு மூலையைத்தான் அது மூடியது. எனினும் பெரியவர்கள் தமது கணக்கை எவ்வாறு தீர்த்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியிலே தொழிலாளி தன் ஊதியத்தில் எட்டுச் சதவீதமும், முதலாளி பன்னிரண்டு சதவீதமும் இடுகின்றனர். நாட்டின் மிகப்பெரிய சிக்கனப் பெட்டி அதுவே. 2023 யூலை முதலாந் திகதி பாராளுமன்றம் அங்கீகரித்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. சுமை சேமலாப நிதிகளின் மேல் இறங்கியது. எந்தத் திண்ணையிலும் எவரும் கூடி அந்தத் தொழிலாளியைக் கேட்கவில்லை.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சந்தை கலையும் வேளையிற் காய்கறி வாங்குவது, தேங்காய்ப்பூவை இரண்டாம் முறையும் பிழிவது, பழைய கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைத் தைத்துப் புதுக்கொப்பி ஆக்குவது, பஸ் ஏறாமற் புறக்கோட்டைக்கு நடப்பது எல்லாம் நாமும் செய்தவையே. அவற்றால் எவரும் மெலியவில்லை. ஆனால் 2022இன் பிற்பகுதியில் எமது வகுப்பறையில் முதலாம் பாடவேளையிலேயே மேசைமீது தலைசாய்த்த பிள்ளைகளைக் கண்டோம். வீட்டிற் காலையுணவு நிறுத்தப்பட்டிருந்தது. அவ்வாண்டு நாட்டில் 63 இலட்சம் மக்கள் போதிய உணவின்றியிருந்ததாக ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் மதிப்பிட்டன. அவர்களுட் சிலர் எம் முன்னே வரிசையாக அமர்ந்திருந்தனர். பிள்ளையின் முட்டையைக் குறைத்து மீத்த காசைச் சேமிப்பு என்று எழுதுவதற்கு எமக்குக் கை வரவில்லை. அக்காவுக்கும் இது தெரியும். அந்த மாதங்களில் எவளேனும் பிள்ளையைப் பட்டினி போட்டுச் சீட்டுக் கட்டுகிறாள் என்று அறிந்தால், அவள் பெயருக்கெதிரே சரிக்குறிக்குப் பதிலாக ஒரு சிறு வட்டம் வரைவார். அந்தப் பணத்தை ஆறுதலாகத் தரலாம் என்பது அதன் பொருள். வட்டங்கள் மூன்று வரை ஏறின. அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் மூன்றும் சரிக்குறிகளாயின.

2023இன் சீட்டுக்குக் குலுக்கல் நடந்தபோது, இடியப்பக்காரப் பெண்ணின் பெயரைக் கிண்ணத்துள் போடவில்லை. முதல் முறை அவளுக்கே என்று முன்னமே பேசியாயிற்று. ஐந்நூறு தந்தவள் இரண்டாம் முறையைக் கேட்டாள். அவளுக்கு ஒன்பதாம் முறை விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே முதல் ஐயாயிரத்தை எண்ணி வைத்தாள்.