நிபந்தனை எச்சமும் புறநகர் இரயிலும்

வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயின்' என்பது நமக்கு என்றும் வியப்பளிப்பது. தொல்காப்பியர் எண்ணிய ஒன்பது வாய்பாடுகளுள் இதற்கும் ஓரிடம் உண்டு. நன்னூலார் பன்னிரண்டு வாய்பாடுகளைக் கூறி, இதனை எதிர்கால எச்சங்களோடு சேர்த்தார். இன்றைய வழக்கில் 'செய்தால்' என்கிறோம். இன்னும் நிகழாத ஒன்றை முன்வைத்து, அது நிகழும்போது ஆற்ற வேண்டியதை இப்போதே சொல்லிவைக்கும் வல்லமை இச்சிறு விகுதிக்கு உண்டு. வகுப்பறையில் பல்லாண்டுகளாக நடத்திவரும் இவ்வெச்சத்தைக் கைபேசிக் கோபுரங்களும் கைக்கொண்டிருக்கின்றன என்று அண்மையில் அறிந்தோம். இலக்கியம் பேசும் இடத்தில் கோபுரத்திற்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும், சற்றே பொறுத்தருள்க.

நாம் தாம்பரத்தில் குடியிருந்து, நகரின் நடுவே ஒரு கல்லூரிக்கு நாள்தோறும் மின்தொடர் வண்டியில் சென்று வருபவர். 1931 முதல் மின்சார வண்டிகள் ஓடும் பழம்பாதை இது. நம் தாயாருக்கு எண்பது வயதாகிறது. செவித்திறன் ஏறத்தாழ முற்றிலும் போய்விட்டது. எனினும் உதட்டசைவைக் கண்டே பேச்சை அறிந்துகொள்வார். ஆதலின் காணொளி அழைப்பு எமக்கு ஆடம்பரமன்று. அதுவே அவருடைய செவி.

சென்ற ஆண்டு ஒரு மாலை, அவருடைய இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருந்தார். வண்டி மீனம்பாக்கத்தைக் கடந்தபோது அழைத்து, "அம்மா, இன்னைலேருந்து பாதி மாத்திரைதான்" என்றோம். 'இன்னைலேருந்து' என்ற இடத்தில் படம் உறைந்தது. மீண்டபோது 'மாத்திரைதான்' என்பதே எஞ்சியது. தாயார் புன்னகையோடு தலையசைத்தார். எதற்குத் தலையசைத்தார் என்பதை உறுதி செய்துகொள்ள, அடுத்த வீட்டு அம்மையாரை அழைத்து, நேரில் சென்று சொல்லச் செய்தோம். குரல் அறுபடவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இணைப்புத் தளரும்போது இத்தகைய செயலிகள் குரலைக் காத்துப் படத்தைக் கைவிடுகின்றன. கேட்கும் செவியுடையோருக்கு அது நல்ல ஏற்பாடு.

தொலைத்தொடர்புத் துறையில் பொறியாளராகப் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் இதைக் கூறினோம். அவர் விளக்கியதை நம் சொற்களில் தருகிறோம்.

2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியது; அம்மாதமே சென்னைக்கும் வந்தது. அதனை அமைக்கும் முறைகளுள் ஒன்று இரட்டைத் தொடர்பு. கைபேசி ஒரே வேளையில் இரு நிலையங்களைப் பற்றியிருக்கும். நெடுந்தொலைவு எட்டும் 4ஜி நிலையம் தலைமை. விரைவு மிக்கதாயினும் எல்லை குறுகிய 5ஜி நிலையம் துணை. வண்டி பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் என்று ஓட ஓடத் தலைமை மெல்ல மாறும். துணையோ அடிக்கடி மாறும். துணை அறுந்தால் அழைப்பு முறியாது, தலைமை தாங்கிக்கொள்ளும். ஆயினும் துணையின் வழியே வந்துகொண்டிருந்த தரவு வழிமாறிச் சேரும்வரை ஓர் இடறல் நேரும். நம் 'பாதி' அத்தகைய ஓர் இடறலில் தொலைந்திருக்கலாம் என்பது அவர் கருத்து.

பழைய முறையில் கைபேசி அண்டைச் செல்களின் வலிமையை அளந்து முறையிடும். நிலையம் ஆராய்ந்து, புதிய நிலையத்தை இசைவித்து, பின்னரே ஆணையிடும். ஆணை வருவதற்குள் வண்டி அடுத்த வளைவைக் கடந்துவிடும். எப்போது மாற்றம் மிகத் தேவையோ, அப்போதுதான் ஆணையைச் சுமந்து வரும் அலையும் மெலிந்திருக்கும்.

இங்கேதான் 'செயின்' வருகிறது. அலை நன்றாக இருக்கும்போதே நிலையம் சொல்லிவைக்கிறது: இன்ன செல்லின் வலிமை இவ்வளவைக் கடந்தால், அல்லது இப்போதுள்ளதைவிட இவ்வளவு மிகுந்தால், என்னைக் கேளாமலே அதனோடு சேர்க. இவ்வாறு எட்டுச் செல்கள் வரை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். கைபேசி அவற்றைக் கண்காணித்திருந்து, நிபந்தனை நிறைவேறியதும் தானே சென்று சேர்ந்து, தலைமைக்கும் தெரிவித்துவிடும். உலகத் தொலைத்தொடர்பு விதிகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, துணைச் செல்லை நிபந்தனையோடு மாற்றும் முறையை 2020-இல் நிறைவுற்ற 16-ஆம் வெளியீட்டில் ஓரளவு அனுமதித்தது. புதிதாகச் சேர்ப்பதும், ஒரு துணை நிலையத்தினின்று மற்றொன்றுக்கு மாறுவதும் 2022-இன் 17-ஆம் வெளியீட்டில் இடம்பெற்றன.

ஆனால் வாக்குறுதிக்கு விலையுண்டு. எட்டுப் பேரை விருந்துக்கு அழைத்தால் எட்டு இலை போட வேண்டும், வருபவரோ ஒருவர். குறிக்கப்பட்ட ஒவ்வொரு செல்லும் வாராத விருந்தினர்க்காகத் தன் வளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிக் காத்திருக்கிறது. வண்டி கிண்டியைக் கடந்த பின்னும் கிண்டிக்கு முன்னிருந்த செல்லுக்கான குறிப்பை வைத்திருப்பது வீண். ஆகவே கொடுத்த நிபந்தனையை உரிய காலத்தில் திருத்துவதும் திரும்பப் பெறுவதும், கொடுப்பதற்கு இணையான கடமைகளாகின்றன. 17-ஆம் வெளியீட்டின்படி ஒருமுறை மாறியதும் எஞ்சிய குறிப்புகள் நீங்கிவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவற்றை வைத்திருந்து அடுத்தடுத்த மாற்றங்களுக்கும் பயன்கொள்ளும் வழியை 2024-இன் 18-ஆம் வெளியீடு தந்தது.

நம் பாதைக்கே உரிய சிக்கலும் ஒன்றுண்டு. திரிசூலம் நிலையத்திற்கு எதிரே விமான நிலையம். விமானங்களின் உயரமானிகள் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவன. அவற்றுக்கு இடையூறு நேராதிருக்க, ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டருக்குள்ளும் நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும், 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரையிலான 5ஜி நிலையங்களை அமைக்கலாகாது என்று 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. அத்தகைய கட்டுப்பாடு உள்ள இடத்தில் துணை நழுவுவதும், கடந்தபின் புதிதாகச் சேர்வதும் இயல்பு. 'வந்தால் சேர்க' என்னும் ஆணை பயன்படும் இடமும் இதுவே.

நூலில் விதி இருப்பதாலேயே ஊரில் வழக்கு வந்துவிடாது. இலக்கணம் பயின்றோர் இதனை நன்கறிவர். கைபேசி, நிலையம் இரண்டும் இவ்விதியை ஏற்றால்தான் அது நடைமுறையாகும். அதுகாறும் மாத்திரையின் அளவைத் தாளில் பெரிதாக எழுதிக் கைபேசியின் முன் பிடிக்கிறோம். படம் உறைந்தாலும் எழுத்து உறையாது.

நிபந்தனைச் சேர்க்கை, நிபந்தனை மாற்றம் என்று இவற்றைத் தமிழில் வழங்கலாமா? இதனினும் நல்ல சொற்கள் நண்பர்களுக்குத் தோன்றினால் தருக. சேர்க்கும்போது ஒரு வேண்டுகோள்: கொடுத்த நிபந்தனையைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு சொல் வேண்டும். 'செயின்' என்பதற்கு நம் முன்னோர் வாய்பாடு தந்தனர்; 'இனி அது வேண்டா' என்பதற்குத் தந்திலர்.