பட்டிக்கு அடியில் இருக்கும் கார்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையோரப் பட்டறை. வெயிலில் பளபளவென்று நிற்கிறது ஒரு அம்பாசடர் மார்க் 2. மதுரையிலிருந்து வாங்க வந்தவரின் கண் முழுக்க பெயிண்டில். டிங்கர் மேஸ்திரி பானட் பக்கமே வரவில்லை. பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவருகே குத்தவைத்து, விரல் கணுவால் தட்டிக்கொண்டே போகிறார். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் டொக்கென்று அடங்குகிறது. பெயிண்டில் கீறல் விழாமலிருக்கத் துணி சுற்றிய காந்தத்தை அங்கே வைக்கிறார். ஒட்டாமல் நழுவிக் கையில் விழுகிறது.

"அரை விரல் கனத்துக்குப் பூசுன பட்டிதாண்ணே இருக்கு. தகடு எப்பவோ போயிருச்சு."

தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் பிளாட்பாரத்தை, அதாவது வண்டியின் அடித்தகட்டை, குத்திப் பார்க்கிறார். டிரைவர் காலடியில் தகரம் பொலபொலவென்று உதிர்கிறது. அம்பாசடருக்குத் தனிச் சேஸ் கிடையாது. பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதியும் பிளாட்பாரமும் இற்றுப்போனால் அது அழகு சம்பந்தப்பட்ட குறை இல்லை, வண்டியின் முதுகெலும்பே போனது மாதிரி. புதுப் பெயிண்ட் அடித்த வண்டியைவிட வெளிறிப்போன பழைய பெயிண்டோடு நிற்கும் வண்டியை மேஸ்திரிகள் நம்புகிறார்கள். துரு இருந்தால் அதில் கண்ணுக்குத் தெரியும்.

ஒரிஜினலா என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இந்த வண்டியைத் தயாரித்தது. அத்தனை ஆண்டுகளில் உருவம் பெரிதாக மாறவில்லை. அதனாலேயே ஒரு காலத்து வண்டியின் பாகத்தை இன்னொரு காலத்து வண்டியில் ஏற்றிவிடுவது சுலபம். மார்க் 2-இன் முன்பக்கக் கிரில்லில் நெருக்கமான சிறு கட்டங்கள் இருக்கும். 1979-இல் வந்த மார்க் 4-க்குக் கிரில் சின்னது, கட்டங்கள் பெரியவை. கிரில்லை மாற்றி, பேட்ஜ் ஒட்டி, வயதைக் கூட்டிச் சொன்னால் பழக்கமில்லாதவர் ஏமாந்துவிடுவார்.

மேஸ்திரி பார்ப்பது போல்ட்டுகளை. இந்த வண்டி முழுக்க இஞ்ச் கணக்கு. அவருடைய தகரப்பெட்டியில் 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள் தனியாகத் துணியில் சுருட்டிக் கிடக்கின்றன. கதவுக் கீலிலோ இன்ஜின் மவுண்டிலோ பத்து மில்லிமீட்டர் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால், அங்கே யாரோ கைவைத்து, கிடைத்த போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பியட் என்றால் கணக்கு நேர்மாறு; அது பிறப்பிலேயே மில்லிமீட்டர் வண்டி. இந்தச் சோதனையை எந்த விற்பனை விளம்பரத்திலும் நான் படித்ததில்லை. விரலில் முப்பது வருஷ கிரீஸ் ஏறியவர்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன்.

இன்ஜினைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மெக்கானிக் ஒருவர் வருகிறார். வந்ததும் பானட்டைத் திறந்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறார். நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அவருக்குப் பிடிக்காது. ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும் என்கிறார். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் வெளுத்த பசை படிந்திருந்தாலும் அதே சந்தேகம்.

ஹெட் போனால் பரவாயில்லை, சரிசெய்துவிடலாம். நூற்பாலைகளுக்கு உதிரி பாகம் கடைந்து பழகிய லேத்காரர்கள் ராஜபாளையத்தில் இருக்கிறார்கள். சரிசெய்ய முடியாதது இன்ஜினையே மாற்றிவிட்ட வண்டி. தொடக்கத்தில் 1476 சிசி சைடு வால்வு இன்ஜினோடு வந்த அம்பாசடருக்கு 1959-இல் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் வந்தது. பிற்பாடு பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசலுக்கு மாற்றிய வண்டிகள் ஏராளம். ஆர்.சி. புக்கில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல் என்றால் அதற்கு மேல் பேச எதுவுமில்லை.

எண்களைப் படித்தால் போதாது. சேஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாள் வைத்து மெக்கானிக் பென்சிலால் தேய்க்கிறார். எழுத்துகள் ஒரே ஆழத்தில் எழும்ப வேண்டும். ஒன்று மட்டும் ஆழமாகவோ சாய்ந்தோ இருந்தால் யாரோ உளியெடுத்திருக்கிறார்கள். ஆர்.சி. புக்கிலும் ஊர் வரலாறு ஒளிந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டம் பிறந்ததே 1985-இல்; அதற்கு முன் இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டம். 1970-இல் எழுதியதாகச் சொல்லும் புத்தகத்தில் முகவரி 'விருதுநகர் மாவட்டம்' என்றிருந்தால் அது பிறகு எழுதப்பட்ட நகல். பழைய வண்டியில் இந்த மாவட்டத்து டி.என். 67 என்ற எண் இருந்தாலும், அதற்கு முந்தைய எண் என்ன என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்த அக்கறைக்கு இப்போது பணமதிப்பும் உண்டு. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டி, சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண்ணில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம்; தினமும் கடைக்குப் போய்வர ஆகாது.

நான் போன பட்டறைகளில் பார்த்துச் சொல்வதற்கென்று யாரும் கூலி கேட்பதில்லை. வண்டி கைமாறினால் புரோக்கருக்குக் கமிஷன். "வேண்டாம்" என்று சொல்லி லட்ச ரூபாயைக் காப்பாற்றிக் கொடுக்கும் டிங்கருக்கு ஒரு டீ. இது அநியாயம். "வாங்குங்க" என்று சொன்னால் வேலையும் அவருக்கே வரும். அப்படியிருந்தும் தகடு போயிருச்சு என்று சொல்கிறாரே, அந்த வாக்குக்கு விலை வைத்தாக வேண்டும். மதுரைக்காரர் ஐந்நூறு ரூபாய் நீட்டியதும் மேஸ்திரி தயங்கித்தான் வாங்கிக்கொண்டார்.

வண்டியை மதுரைக்காரர் விட்டுவிடவில்லை. எண்கள் சரி, இன்ஜினும் அதே இன்ஜின். ஆர்.சி. இன்னும் இறந்துபோன முதல் உரிமையாளர் பெயரில் இருக்கிறது. அந்தக் காலத்து வங்கிக் கடன் பதிவும் ரத்தாகவில்லை. வாரிசுச் சான்றும் வங்கியின் கடிதமும் வந்த பிறகே அட்வான்ஸ் என்று முடிவாயிற்று.

"பிளாட்பாரம் ரெண்டு பக்கமும் வெட்டி மாத்தணும், பின்வளைவு புதுசா அடிக்கணும். இருவது கேஜ் தகடு போதாதுண்ணே, பதினெட்டு வாங்கிட்டு வாங்க. பெயிண்டைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார் மேஸ்திரி.