எல்லாத்தையும் மருந்துன்னு சொன்னா எப்படி?

உரக்கடை அலமாரியில் இருக்கிற பாட்டிலை எல்லாம் நாங்க ஒரே பேர்லதான் சொல்றோம்: மருந்து. "மருந்து அடிச்சாச்சா?" "அடிச்சாச்சு." எந்த மருந்துன்னு யாரும் கேக்கிறதில்ல. பாட்டில் மேல இங்கிலீஷ்ல வேற வேற பேர்தான் போட்டிருக்கு. ஆனா எல்லாம் 'சைடு'ன்னு முடியறதால காதுக்கு ஒண்ணாத்தான் கேக்குது.

மாடித்தோட்டம் போட்டிருக்கிற டவுன்காரங்களும் பெஸ்டிசைடும் இன்செக்டிசைடும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. பெஸ்டிசைடுங்கிறது குடும்பப் பேர். இன்செக்டிசைடு, ஃபங்கிசைடு, ஹெர்பிசைடு எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைங்க. 'சைடு'ன்னா கொல்றது, சூசைடுல வர்ற அதே சைடுதான். யாரைக் கொல்லுதுங்கிறதை முன்பாதி சொல்லும். இன்செக்ட்னா பூச்சி, ஃபங்கஸ்னா பூஞ்சை, ஹெர்ப்னா செடி. ஹெர்பல் ஷாம்பூ பார்த்துப் பழகினவங்க ஹெர்பிசைடை மூலிகை மருந்துன்னு நினைச்சிடாதீங்க. அது களைக்கொல்லி.

சட்டத்துலயும் இந்தக் கலப்பு இருக்கு. 1968-ம் வருஷத்து பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் 'இன்செக்டிசைடு'ங்கிற ஒரே சொல்லுக்குள்ள பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லி எல்லாம் அடக்கம்.

எங்க பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் பக்கத்துப் பக்கத்துக் காட்டில் நிக்கும். மக்காச்சோளத்தில் அகல இலைக் களைக்கு 2,4-டி அடிப்பாங்க. பருத்திக்கு அது துளி பட்டாலும் ஆகாது. ஊர்ல ஒருத்தர் அதை அடிச்ச டேங்கை லேசா அலசிட்டு, மறுநாள் பூச்சி மருந்து கலக்கிப் பருத்திக்கு அடிச்சார். இலையெல்லாம் ஒடுங்கி, விரல் விரலா நீண்டு போச்சு. நோய்னு நினைச்சு பூஞ்சைக்கொல்லியும் வாங்கி அடிச்சார். மூணு சைடும் ஒரே காட்டில் இறங்கினதுதான் மிச்சம். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வச்சிருந்தா அந்தப் பருத்தி பிழைச்சிருக்கும்.

மிளகாய்ச் செடி வச்சிருக்கிறவங்க இலையைப் பாருங்க. மேல்பக்கமா சுருண்டா பெரும்பாலும் இலைப்பேன், அது பூச்சி. கீழ்ப்பக்கமா சுருண்டா மைட்டுங்கிற பொடிச் சிலந்தி. எட்டுக் கால் இருக்கிறதால அது பூச்சி இனமே இல்ல. பல பூச்சிக்கொல்லி அதுகிட்ட எடுபடாது. சிலந்திக்குன்னு உள்ளதைத்தான் கேட்டு வாங்கணும்.

லேபிளில் முக்கோணக் கலரையும் பாருங்க. சிவப்பு கடும் விஷம். அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியா பச்சை. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற பச்சைப் புள்ளி மாதிரி இதை எடுத்துக்கக் கூடாது. பச்சையும் விஷம்தான், வீரியம் கம்மி, அவ்வளவுதான்.

இதெல்லாம் பயிரோட போற விஷயம்னா நான் இவ்வளவு எழுத மாட்டேன். அடிக்கும்போது ஒருத்தர் மயங்கி விழுந்தா, ஆஸ்பத்திரியில் முதல்ல கேக்கறது என்ன மருந்துன்னுதான். "பூச்சி மருந்துங்க"ன்னு சொன்னா டாக்டருக்குப் பத்தாது. மோனோகுரோட்டோபாஸ் மாதிரி பூச்சிக்கொல்லிக்கு அட்ரோபின் ஊசி இருக்கு. பாராகுவாட்ங்கிற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது, வைத்தியமே வேற. அதனால ஆளைத் தூக்கும்போது பாட்டிலையும் லேபிளோட எடுத்துட்டு ஓடுங்க. ஊர்ல அப்பா அம்மா காடு பாக்கறாங்கன்னா, இன்னைக்கு போன் பண்ணும்போது இதையும் சொல்லிடுங்க.